மைதா பசையில் ஒட்டிய பெயர்

நான் ஏமாற்றினேன். ஊரை, அதிகாரிகளை, அஞ்சலை என்ற ஒரு பெண்ணை. இதுவரை எவரிடமும் வாய் திறந்து சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

காரைக்கால் தலத்தெருவில் எனக்குக் காரச்சேவு போடும் சிறு கம்பெனி இருக்கிறது. நன்றாகவே ஓடுகிறது. வீட்டிலும் குறையொன்றுமில்லை. நிறைவான மனிதன் நான்... அதுதான் என்னை உறுத்துகிறது.

தின்பண்டக் கவரை அதைப் போட்டு விற்ற கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் உத்தரவு வந்தது. குப்பைக் கொட்டகையில் கவர்களைப் பெயர் பார்த்துப் பிரித்து, மூட்டை கட்டி, அந்தந்தக் கம்பெனி வாசலில் இறக்குவார்கள். நியாயமான உத்தரவுதான். எனக்குத்தான் கசந்தது!

கவரில் பெயர் அச்சடிப்பதை நிறுத்தினேன். துண்டுக் காகிதத்தில் அடித்து மைதா பசையால் ஒட்டச் சொன்னேன். கடையில் தொங்கும்வரை பெயர் இருக்கும். சாக்கடையில் ஒரு நாள் ஊறினால்... கவர் யாருடையதோ! மிச்சத்தை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது.

என் வாசலில் ஒரு மூட்டைகூட இறங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த எனக்கு, குப்பையே சேர்க்காத கம்பெனிக்காரன் என்று கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கூசினேனா? இல்லை! சால்வையின் சரிகை நன்றாயிருந்தது என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கொட்டகையில் கவர் பிரித்தவள்தான் அஞ்சலை. முழங்கால் வலிக்காரி, உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் தாக்குப்பிடித்தாள். பெயரில்லாக் கவர்கள் அவள் பக்கம் குவிந்துகொண்டே போயின. ஒழுங்காகப் பார்த்துப் பிரிக்கவில்லை என்று மேற்பார்வையாளர் அவளைச் சாக்கடை அள்ள அனுப்பிவிட்டார்.

சென்ற மாதம் என்னைத் தேடி வந்தாள்.

“பேரே இல்லாத கவர்ல நான் என்னத்தப் பாத்துப் பிரிக்கிறதுங்க மொதலாளி? உங்க கவர் குப்பைக்கே வர்றதில்லன்னு ஊரே பேசுது. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க. என்னைத் திரும்பக் கொட்டாய்லயே போடச் சொல்லுங்க... சாக்கடையில எறங்குனா முட்டி தாங்க மாட்டேங்குதுங்க.”

சொல்ல ஒரு வார்த்தை இருந்தது. ‘அது என் கவர்!’ அவ்வளவுதான். சொன்னால் பொன்னாடை போகும், பெயர் கெடும், வாசலில் மூட்டைகள் இறங்கும்...

“பாக்கலாம்மா,” என்றேன். ஒரு பொட்டலம் காரச்சேவும் கொடுத்தேன்.

“நல்லா இருப்பீங்க மொதலாளி!” என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

நன்றாகத்தான் இருக்கிறேன்! வேளைக்குப் பசிக்கிறது. படுத்ததும் தூக்கம் வருகிறது. நெஞ்சு குத்தினால் தூக்கம் கெடும் என்பார்களே... எனக்கு ஏன் கெடவில்லை? நான் என்ன பிறவி? நீங்களாவது சொல்லுங்கள்.

இன்று காலை எங்கள் தெருவுக்கு அவள் முறை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் இறங்கினாள். அள்ளிப்போட்ட சேற்றில் வெறுங்கவர்கள் ஏழெட்டு கிடந்தன. ஒன்றை எடுத்து என் முன்னே உதறினாள்.

“எந்தப் பாவி இப்படிப் பேரில்லாம விக்கிறானோ மொதலாளி!”

நானும் அவளோடு சேர்ந்து தலையாட்டினேன்.