இருட்டில் வளர்ந்த சோளம்

அந்த வருடம் என் வேலை வெள்ளைச் சோளத்தின் மைட்டோகாண்ட்ரியாவை ஆராய்வது. உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் அந்தச் சின்ன உறுப்புக்குத் தனக்கென்று ஒரு டிஎன்ஏ உண்டு. அதைப் பிரித்தெடுப்பதில் ஒரு தொல்லை இருந்தது. இலையைப் பச்சையாக்கும் பசுங்கணிகங்களுக்கும் சொந்த டிஎன்ஏ உண்டு. பச்சை நாற்றை அரைத்தால் அதுவே வெள்ளம் போல வந்து நமக்கு வேண்டியதை மூழ்கடித்துவிடும். அதனால் நாற்றை இருட்டில் வளர்ப்போம். வெளிச்சம் படாத நாற்று வெளிறிய மஞ்சளாக, நெடுநெடுவென்று வளரும். பசுங்கணிகம் அதில் சரியாக உருவாகாது.

அந்த நேரம் பார்த்து ஆய்வகத்து இருட்டறையின் குளிர்சாதனம் படுத்துவிட்டது.

“உங்க வீட்ல பாம் ஷெல்டர் இருக்கில்லமா? அதைவிட டார்க்கான ரூம் சிங்கப்பூர்ல எங்க கிடைக்கும்?” என்றார் எங்கள் குழுத் தலைவர். சிராங்கூனில் வசிக்கும் தமிழ்க் கத்தோலிக்கப் பெண்மணி அவர். ஆங்கிலத்தில் ஆரம்பித்தாலும் என்னிடம் பேசும்போது தமிழில்தான் முடிப்பார். நாங்கள் எல்லோரும் அவரை டாக்டர் என்றே கூப்பிடுவோம்.

ஃபேரர் பார்க் பக்கத்து எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் அந்தத் தடித்த சுவர் அறை உண்டு. போர் வந்தால் ஒதுங்குவதற்கென்று கட்டிய அதில், எல்லா வீட்டையும் போல, என் உம்மா அரிசித் தூக்குவாளியும் பெருநாள் திரைச்சீலைகளும் வைத்திருந்தார். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து விதைத் தட்டுகளை அடுக்கினேன். “கதவைத் திறக்காதீங்க உம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

சில நாள் கழித்து மாலையில் வீடு திரும்பினேன். வாசல் நடைபாதையில், துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே, என் தட்டுகள் எல்லாம் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. நாற்றுகள் பளபளவென்று பச்சை. நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய் அத்தை குனிந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“அரிசி எடுக்கப் போனேன். மஞ்சக்காமாலை வந்த பிள்ளை மாதிரி நிக்குதுவோ. மனசு கேக்கலை. காலையில வெளிய வச்சேன், இப்பப் பாரு எப்படித் தேறிடுச்சு!” என்றார் உம்மா. அவ்வளவு பெருமை முகத்தில்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். உம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை விதைத்தபோது அந்தக் கதவுக்கு உம்மாவே காவல். அரிசித் தூக்குவாளி உள்ளே இருந்ததால் மக்சிக்கிடம் வாங்கிச் சோறாக்கினார். நான் தண்ணீர் ஊற்றப் போனால், “லைட்டை அணைச்சிட்டுத் திற லா!” என்று அடுப்படியிலிருந்தே குரல் வரும். நாற்றுகள் நல்ல வெளிறலாக வந்தன. டிஎன்ஏ எடுத்தோம், கருவியில் அதன் எழுத்து வரிசையை வாசித்தோம்.

கணினியில் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், நடுவில் பசுங்கணிகத்தின் டிஎன்ஏ ஒரு நீளத் துண்டாக உட்கார்ந்திருந்தது.

டாக்டர் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “கன்டாமினேஷன்மா, பச்சை கலந்திருக்கு. திரும்பவும் யாரோ கதவைத் திறந்துட்டாங்க போல.”

வீட்டில் வந்து இதைச் சொன்னதுதான் தாமதம், உம்மா பொங்கிவிட்டார்.

“கடன் அரிசி தின்னவ நான்! நான் கதவைத் திறந்தேனாமா? உங்க டாக்டர்கிட்ட சொல்லு, அந்தச் சோளத்தை நல்லாப் பாக்கச் சொல்லு!”

உம்மா பொய் சொல்ல மாட்டார். சொன்னாலும் எனக்குத் தெரிந்துவிடும். ஆகவே சனிக்கிழமை காலை ஆய்வகத்துக்குப் போய் முதலிலிருந்து பார்த்தேன்.

தேட வேண்டியது ஒன்றுதான். பசுங்கணிக டிஎன்ஏ வெளியிலிருந்து கலந்திருந்தால் தனியாகவே கிடக்கும். சோளத்தின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே குடியிருந்தால், இரண்டும் சேரும் இடம் ஒரே இழையில் தெரியும். நீளமான வாசிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒரு பக்கம் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணு, அறுபடாமல் அப்படியே தொடர்ந்து மறுபக்கம் பசுங்கணிகத் துண்டு. இன்னொன்றிலும் அப்படி. அதற்கடுத்ததிலும். விசைப்பலகையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.

பிறகு நெல் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ வரைபடத்தை எடுத்து ஒப்பிட்டேன். தானியப் பயிர்களின் மைட்டோகாண்ட்ரியா விசித்திரமானது. மரபணுக்களின் எழுத்துகள் யுகக்கணக்காக அதிகம் மாறுவதில்லை. அவை நிற்கும் வரிசை மட்டும் சீட்டுக்கட்டைப் போலக் குலைந்துகொண்டே இருக்கும். நெல்லின் வரிசை வேறு, சோளத்தின் வரிசை வேறு. ஆனால் அதே துண்டு நெல்லிலும் இருந்தது, இன்றைய பசுங்கணிகத்தில் இல்லாத அதே எழுத்து மாற்றங்களோடு. நெல்லும் சோளமும் ஒரே புல்லாக இருந்த காலத்திலேயே அது இடம் மாறி வந்திருக்க வேண்டும். எங்கள் கதவை யார் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அது அங்கேதான் இருந்திருக்கும்.

திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை நெருங்கி வந்தார். பிறகு கையை நீட்டினார்.

“போனைக் குடுமா. அம்மாகிட்ட பேசணும்.”

“சாரிம்மா, தப்பு என்மேலதான்” என்று அவர் சொல்ல, மறுமுனையில் உம்மா என்ன சொன்னாரோ, டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். போனை வைக்கும்போது ஞாயிற்றுக்கிழமை விருந்து முடிவாகியிருந்தது.

தேவாலயப் பூசை முடிந்து நேராக வந்தார் டாக்டர், கையில் ஒரு பெட்டி பழத்தோடு. உம்மா நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் ஆக்கியிருந்தார். முதல் கவளத்திலேயே கேள்வி ஆரம்பித்தது.

“டாக்டரம்மா, அந்தத் துண்டு பச்சையோட வீட்லேர்ந்து இந்த வீட்டுக்கு எப்படிப் போச்சு?”

“ரெண்டும் ஒரே செல்லுக்குள்ளதானேமா இருக்கு. ஒண்ணு உடையும்போது துண்டு சிதறும். இது பக்கத்துல இருந்து இழுத்துச் சேர்த்துக்கும்.”

“எடுத்ததை வச்சு என்ன செய்யுது?”

“சில துண்டு வேலை செய்யுது. நிறையத் துண்டு சும்மா கெடக்குது.”

“சும்மா கெடக்குறதை எதுக்கு இத்தனை காலம் வச்சிருக்கு? தூக்கிப் போட வேண்டியதுதானே?”

டாக்டர் கறியை மென்றபடி யோசித்தார்.

“உண்மையைச் சொன்னா எங்களுக்கும் சரியாத் தெரியாதுமா” என்றார்.

உம்மாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப் போனது. “தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றீங்க பாருங்க” என்று சொல்லி, எலும்போடு இருந்த பெரிய துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தார்.