அல்சர் பத்தியம்

பிரிட்டனில் மனிதர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அந்த நாட்டுக்கு நான் போனதில்லை, பாஸ்போர்ட்கூடக் கிடையாது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டதுதான்.

ஏனாத்தூர் காலேஜில் சமூகவியல் படித்தேன். அந்தப் படிப்புக்கு ஊரில் யாரும் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. கடைசியில் சென்னைக் கம்பெனி ஒன்றின் மூலம் இந்த டைப்பிங் வேலை கிடைத்தது. பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியத்தையும் சமூகத்தையும் பற்றி ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். தீராத நோய் வந்தவர்களின் வீடு தேடிப் போய்ப் பேட்டி எடுப்பார்கள். டாக்டர் எப்படிச் சொன்னார், கேட்டதும் என்ன தோன்றியது, முதலில் யாரிடம் போய்ச் சொன்னீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். அந்த ஒலிப்பதிவைக் கேட்டு ஒரு சொல் விடாமல் டைப் செய்து அனுப்புவது என் வேலை. இருமினால் இருமல் என்று போட வேண்டும். அழுதால் அழுகை, பேசாமல் இருந்தால் மௌனம். ஏதாவது பெயர் வந்தால் எடுத்துவிட வேண்டும்.

முதலில் அவர்கள் பேசுகிற இங்கிலீஷே பிடிபடவில்லை. பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடுவார்கள். பிடிபட்ட பிறகு வேறொரு திகைப்பு. அத்தனை பேரிடமும் டாக்டர் நேராகச் சொல்லியிருந்தார். எதிரே உட்கார வைத்து, இதுதான் நோய், இதற்கு மருந்து இல்லை, இவ்வளவு காலம் இருக்கலாம் என்று நோயாளியின் முகத்தைப் பார்த்தே சொல்லியிருந்தார். நம் ஊரில் ஒரு டாக்டர் இப்படிப் பேசினால் சொந்தக்காரர்கள் சட்டையைப் பிடித்துவிடுவார்கள். என்ன ஜன்மங்களோ என்று நினைத்துக்கொண்டே டைப் செய்தேன். அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள்.

அப்பா காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவையை ஒரு உதறு உதறினால், எதிரே இருக்கிற கூட்டம் அப்படியே வாயடைத்துப் போகும். கல்யாணப் பெண்ணின் அம்மா வாயைத் திறப்பதற்குள் அவள் மனதில் இருக்கிற நிறத்தை எடுத்துப் போட்டுவிடுவார் என்று கடையில் பெயர். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், அதில் நூறு பொய்யாவது தன் பாயில்தான் சொல்லப்படுகிறது என்று பெருமையாகச் சொல்வார். அடுத்தவர் முகத்தைப் படித்தே வீட்டைக் கட்டி, என்னைப் படிக்க வைத்து, எனக்கும் தம்பிக்கும் வரன் பார்க்கும் வரை வந்துவிட்டார்.

பிறகு அவருக்கு வயிற்று வலி வந்தது. பெல்ட் போட்டும் பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனது. தம்பி ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறான். லீவு போட்டுவிட்டு வந்து, நாங்கள் இருவருமாக அப்பாவை சென்னைக்கு அழைத்துப் போனோம். பெயர்ப் பலகையில் கேன்சர் என்று போட்டிருக்கும் ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று தம்பி முதலிலேயே சொல்லிவிட்டான். அப்பாவுக்குப் படிக்கத் தெரியுமே.

ஸ்கேன் எல்லாம் முடிந்ததும் டாக்டர் எங்களை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வயிற்றில் வந்த புற்றுநோய் ஈரல் வரை போய்விட்டது. ஆபரேஷனுக்கு வழியில்லை. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவருக்கு என்ன பிடிக்குதோ அதைக் குடுங்க" என்றார். நம் ஊரில் இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியாதவர்கள் கிடையாது.

வராந்தாவில் தம்பி முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவிடம் போய்விட்டான். "அல்சர்பா. ரொம்ப முத்திப் போயிருக்குது. காரம், புளி, காபி எதையும் தொடக் கூடாதாம். வாயைக் கட்டினா சரியாயிடும்னு சொல்றாங்க" என்றான். பொய்யை மொட்டையாக அனுப்பாமல் நகை நட்டு போட்டு அனுப்ப வேண்டும் என்பது அப்பாவிடமிருந்தே வந்திருக்க வேண்டும். அப்பா முகத்தில் அப்படியொரு நிம்மதி. "அவ்ளோதானே? நான் என்னமோன்னு பயந்துக்கினு இருந்தேன்" என்று எழுந்து செருப்பைத் தேடினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அல்சர் குடியேறியது. அப்பாவுக்குக் காரம் என்றால் உயிர். நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்டு அம்மா குழம்பு வைத்தால் தெருவுக்கே தெரியும், மறுநாள் காலை இட்லிக்கும் அதுதான். அப்படிப்பட்ட மனிதர் பால் சோறும் மோரும் இட்லியுமாகச் சாப்பிட்டார். அம்மா தாளித்த கறிவேப்பிலையோடு தெரியாமல் ஒரு மிளகாய் விழுந்துவிட்டால்கூட எடுத்துத் தட்டோரம் வைத்துவிடுவார். எந்த முதலாளிக்கும் அடங்காத மனிதர் இல்லாத ஓர் அல்சருக்கு அடங்கினார்.

பார்க்க வருகிறவர்களை அம்மா வாசலிலேயே நிறுத்தி, "அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம்" என்று கிசுகிசுப்பாள். அவர்களும் முகத்தை மாற்றிக்கொண்டு உள்ளே வந்து அல்சருக்கு வைத்தியம் சொல்வார்கள். மணத்தக்காளிக் கீரை என்பார் ஒருவர், தேங்காய்ப் பால் என்பார் இன்னொருவர். அப்பா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு, எல்லாவற்றையும் செய்தார். எங்கள் தெருவில் இவ்வளவு நல்ல நடிகர்கள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

அப்பா வேலைக்குப் போகாததால் பகல் முழுக்கக் கூடத்திலேயே இருந்தார். நான் ஹெட்போனோடு மேஜையில் ஒரு பக்கம், அவர் தட்டோடு மறுபக்கம். அப்படி ஒரு நாள் ஒரு கணவன் மனைவியின் பேட்டி வந்தது. கணவனுக்குத்தான் நோய், அதுவும் வயிற்றில். டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இனி விருப்பப்பட்டதைச் சாப்பிடுங்கள் என்றாராம். அங்கேயும் அதே வாக்கியம். ஆனால் சாப்பிட வேண்டியவரிடமே சொல்லியிருந்தார்கள். அன்று சாயங்காலமே இருவரும் கடலோரம் போய்ப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி, காரிலேயே உட்கார்ந்து, நிறைய வினிகர் ஊற்றிச் சாப்பிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு அந்த ஆள் சிரித்தார். சிரிப்பு என்று டைப் செய்தேன். மனைவி அழுதாள். அதையும் டைப் செய்தேன்.

என் முகம் என்னவோ ஆகியிருக்க வேண்டும். "இன்னாம்மா சொல்றாரு அந்த ஆளு?" என்று அப்பா கேட்டார். பேட்டியில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மீன் சாப்பிட்டதைச் சொன்னால் என்ன குடிமுழுகிவிடும்?

"பீச்சுக்குப் போய் மீன் வறுவல் சாப்பிட்டாராம்பா."

"என்ன வயசு இருக்கும்?"

"உன் வயசுதான் இருக்கும்."

"குடுத்து வச்சவரு" என்றார் அப்பா. பால் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டார்.

என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கொல்லைப்புறக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக் கழுவி அழுதேன். தம்பி ஷிப்ட் முடிந்து வந்ததும் அவனையும் அம்மாவையும் அங்கேயே கூப்பிட்டு, அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

"வெள்ளக்காரன் பேசுறதக் கேட்டுக் கேட்டு உனக்கு மூள கெட்டுப்போச்சுக்கா" என்றான் தம்பி. "சொன்ன அன்னிக்கே அப்பா படுத்துடுவாரு. மாகறல் பெரியப்பாகிட்ட இதே நோயின்னு யாரோ சொல்லித்தானே, ஒரு வாரம்கூட தாங்கல?"

"சரி, சொல்ல வேணாம். வாய்க்கு ருசியா குடுக்கவாவது குடுக்கலாம் இல்ல? டாக்டரே சொல்லிட்டாரு."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இத்தினி நாளா கூடாதுன்னுட்டு இப்ப திடீர்னு குடுத்தா, அவருக்குப் புரிஞ்சிடும்மா" என்றாள்.

அவள் சொன்னது சரி. நாங்கள் சொன்ன பொய் அவருடைய பயத்தைக் கட்டி வைத்திருந்தது, நாக்கையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தது. ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்றும் அவிழ்ந்துவிடும்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் நானே குழம்பு வைத்தேன். அவள் அளவுக்கு வராது, ஆனால் வாசனை வந்துவிட்டது. கொஞ்சம் சுடுசோற்றில் ஊற்றி அப்பா முன்னால் வைத்து, "டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன்பா. இப்ப பரவாயில்ல, சாப்பிடலாம்னாரு" என்றேன். புடவைக்காரரிடமே புடவை விற்கப் பார்த்தேன்.

அப்பா தட்டின் மேல் குனிந்து மூச்சை இழுத்தார். எலும்பு தெரியும் கன்னத்தில் சின்னப் பையனைப் போல் ஒரு சிரிப்பு வந்தது. விரலால் சோற்றைத் தொட்டார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. இவ்ளோ நாள் வாயைக் கட்டினது வீணாப்பூடும். தை பொறந்தா முகூர்த்த சீசன், கடைக்குப் போவணும் நான். வயிறு ஆறட்டும், அப்புறம் சட்டியோட வை."

சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்பா, தை மாசமெல்லாம் இல்லைப்பா, சாப்பிடு. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தக் குழம்பைத் தம்பி வேலையிலிருந்து வந்து சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு பால் சோறும் இறங்கவில்லை. தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தோம். அந்த வாரத்தில்தான் கடலோரம் மீன் தின்றவரின் மனைவியுடைய அடுத்த பேட்டி வந்தது. இந்த முறை அவள் தனியாகப் பேசினாள். எல்லாவற்றையும் முன்பே பேசி முடித்திருந்தோம், ஆனாலும் கடைசி நாட்களில் அவர் மிகவும் பயந்தார், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றாள். பிறகு நீண்ட மௌனம். சொன்னாலும் இதுதான், சொல்லாவிட்டாலும் இதுதான் என்றால் எதற்கு இந்த ஆராய்ச்சி என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் மீன் சாப்பிட்டுவிட்டார். அதை எத்தனை முறை யோசித்தும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

தைக்கு முன்பே அப்பா போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்கள், "அவருக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சிருக்கும்மா, காட்டிக்கல" என்று தேற்றினார்கள். இல்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருப்பார். ஊரார் முகத்தையெல்லாம் படித்தவர் எங்கள் முகத்தைப் படிக்கவில்லை. நாங்கள் பொய் சொல்வோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

காரியத்துக்கு முன் படையல் போட்டோம். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி இலையில் வைப்பது எங்கள் வழக்கம். அம்மா யாரையும் அடுப்பருகே விடவில்லை. கருவாட்டுக் குழம்பு, மீன் வறுவல், மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்ட முட்டை, ஒரு டம்ளர் காபி. "காரம் போட்டியா? அவனுக்குச் சுள்ளுனு இருக்கணும்" என்று அத்தை கேட்டாள். அம்மா இன்னொரு கரண்டிக் குழம்பை எடுத்து இலையில் ஊற்றினாள். இலையைப் போட்டோவுக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு, அவர் வந்து சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் நின்றோம்.

தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. அம்மா மட்டும் கதவை ஒட்டி நின்றாள். நெற்றியைக் கதவில் வைத்து, உள்ளே இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"உங்களுக்கு அல்சரெல்லாம் இல்லீங்க. பயப்படாம சாப்புடுங்க."