மூடக் கூடாத கதவுகள்

கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு எழுதுவதுதான் வசதி.

எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர் வட்டவிதானை. போன வருடம் சிறுபோகத் தண்ணீர் திறக்குமுன் கூட்டம் வைத்தார். வாய்க்காலின் மூன்று கதவுகளையும் யார் தூக்குவது, யார் பிஸ்மில்லாச் சொல்லுவது, பால்சோற்றுக்கு யார் தேங்காய் கொண்டுவருவது என்று விலாவாரியாகக் கதைத்தார். மேல் கதவு, பிறகு நடுக் கதவு, பிறகு கடைசிக் கதவாம். வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற ஆட்டுக்கும் தெரிந்த விஷயம்.

என் காணி கடைசிக் கதவுக்குச் சற்று மேலே, பள்ளத்தில் கிடக்கிறது. அந்தக் கதவு திறக்காவிட்டால் தேங்குகிற தண்ணீர் என் காணிக்குள்தான் பாயும். மழை ஈரம் காயாமல் இருந்ததால் முந்தியே விதைத்துவிட்டேன். வீட்டில் வேறு விதைநெல் இல்லை. அந்தப் பயத்தில்தான் வட்டவிதானையை அண்ணன் முறை சொல்லிக் கேட்டேன்.

"காக்கா, கடசிக் கதவு திறபடாட்டி என்ன செய்யிற?"

"ஒண்ட வாயில நல்லது வராதாகா?" என்றார் வட்டவிதானை. "பிஸ்மில்லாச் சொல்லித்தானே திறக்கிறம். திறபடும்."

"இவர் கலியாண ஊட்டுக்கு வந்தாலும் மையத்து ஊட்டுக் கதைதான் கதைப்பார்," என்றான் பக்கத்தில் இருந்தவன். எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன்.

திறப்பு நாளில் மேல் கதவும் நடுக் கதவும் ஏறின. கடைசிக் கதவு சேற்றில் இறுகிக் கிடந்தது. எத்தனை பேர் இழுத்தும் அசையவில்லை. தண்ணீர் வாய்க்காலில் ஏறிக்கொண்டே வந்தது.

"நடுக் கதவப் போடுங்க, பிறகு மேல் கதவப் போடுங்க!" என்று கத்தினேன்.

வட்டவிதானையின் முகம் சுருங்கியது. "பிஸ்மில்லாச் சொல்லித் திறந்தத்த அண்டைக்கே மூடினா பறக்கத்துப் போயிரும். பால்சோறு ஆறுது, வாங்க. திண்டுபோட்டு வந்து பாப்பம்."

பறக்கத்து என்கிற இறையருளைக் காப்பாற்ற எல்லாரும் சோற்றுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அல்லாஹ்வின் பெயரைச் சொன்ன பிறகு மூளை தேவையில்லை என்று இவர்களுக்கு யார் ஓதிக் கொடுத்தார்களோ! ஒருவனால் இறக்க முடியாத நடுக் கதவில் நான் தொங்கிக்கொண்டிருந்தபோதே வாய்க்கால் கட்டு உடைந்தது. முளைத்த நெல்லெல்லாம் என் கண் முன்னால் கடல் பக்கம் போயிற்று.

"முந்திக்கிட்டு விதைச்சது ஒண்ட பிழ, தம்பி," என்றார் வட்டவிதானை, விரலைச் சூப்பியபடி. அந்தப் போகம் என் காணி தரிசு.

இந்த வருடமும் அதே ஆள், அதே தேங்காய்க் கதை. நேற்றைய கூட்டத்தில் மறுபடியும் கேட்டேன்: "திறபடாட்டி மூடுறது ஆரு?" மறுபடியும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் விதைநெல் சாக்கில் இருக்கிறது. மூன்று கதவும் திறந்ததைக் கண்ணால் காணும் வரைக்கும் அந்தச் சாக்கை அவிழ்க்க மாட்டேன்.

1986 ஏப்ரல் 4