மைக்கில் சொன்ன ஒரு "இல்லை"

எங்கள் சபையில், ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னும் சாட்சியாகச் சொல்பவருக்குத் தனி மரியாதை. மேற்குத் தாம்பரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை அது. பாட்டு முடிந்ததும் பாஸ்டர், "யாராவது சாட்சி சொல்றீங்களா?" என்று கேட்பார். மைக்கைப் பிடிப்பவன் அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி. ஊரப்பாக்கத்தில் நிலபுலம் உள்ள குடும்பத்தை விட்டு, அப்பாவிடம் வாய்க்கு வந்த வசவெல்லாம் வாங்கிக்கொண்டு கிறிஸ்துவிடம் வந்தவன் நான். பெரிய தைரியசாலி என்று எனக்கு நினைப்பு. மண்ணாங்கட்டி தைரியம்!

என் மனைவிக்கு வலிப்பு நோய். கல்யாணமான இரண்டாம் மாதமே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், சபையில் ஜெபித்தார்கள். ஏழு மாதம் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. சமைக்கும்போது மறுபடி பாட ஆரம்பித்தாள். அந்தச் சந்தோஷம் தாங்காமல்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து மைக்கை வாங்கினேன்.

வீட்டைவிட்டு வந்த கதையைச் சொன்னேன், அவள் சுகமானதைச் சொன்னேன். கொட்டகையே ஸ்தோத்திரம் சொன்னது. மாத்திரையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பாஸ்டர் பூரித்துப்போய்க் கேட்டார்:

"இப்போ மாத்திரை ஏதாவது எடுக்கறாங்களா, பிரதர்?"

காலையில்தான் என் கையால் எடுத்துக் கொடுத்திருந்தேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"இல்லை, பாஸ்டர்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவை எடுத்துப் பரண்மேல் போட்டாள். "ஏன்?" என்றேன்.

"நீங்க அத்தனை பேர் முன்னாடி இல்லைன்னு சொல்லிட்டீங்க. உங்க சாட்சி பொய்யாகக் கூடாதுங்க."

நான் டப்பாவை எடுத்துக் கீழே வைத்திருக்க வேண்டும். அட பாவி, நான் என்ன செய்தேன் தெரியுமா? இவளுக்கு எவ்வளவு விசுவாசம் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்தேன்.

நான்கு மாதம் கழித்து கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது விழுந்தாள். துவைக்கிற கல்லில் தலை மோதியிருந்தது. கிண்டியிலிருந்து மின்சார ரயில் பிடித்து நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டாள். "இன்னா தம்பி, உனக்கு ஒண்ணுமே தெரியாதா? அன்னிக்கி விழறதுக்கு முன்னாடியே ரெண்டு தபா வலிப்பு வந்துச்சு. 'அவர்கிட்ட சொல்லாதீங்கக்கா, சபையில அவரு தலைகுனியற மாதிரி ஆயிடும்'னு என் கையைப் புடிச்சிகினு அழுதுச்சுப்பா."

நான் இன்றும் ஜெபிக்கிறேன். விட முடியவில்லை. கண்ணை மூடினால் மைக்தான் முன்னால் வருகிறது.

ஒரு மாதம் கழித்து, சாட்சி நேரத்தில் மறுபடி எழுந்தேன். மைக்கை நானே கேட்டு வாங்கினேன். அப்பா முன்னால் நின்றபோதுகூட அவ்வளவு பயந்ததில்லை. "அன்னைக்கு நான் சொன்னது பொய். அவ மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தா. என் வார்த்தைக்காகத்தான் நிறுத்தினா" என்றேன். அதற்குள் முன்வரிசையில் யாரோ ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள். துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். மிச்சத்தை அந்தப் பாட்டுக்குள்ளேயே சொல்லி முடித்தேன். பாஸ்டர் என் தோளைத் தட்டி மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

ஆராதனை முடிந்து சைக்கிளை எடுக்கும்போது, எனக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் ஒருத்திக்குக் கேட்டிருக்கிறது.

"அண்ணா, எங்க வூட்டுக்காரருக்கு சக்கரை. அவரும் மாத்திரைய நிறுத்திட்டாரு. காலெல்லாம் புண்ணாயி கெடக்குறாரு."

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா. இப்பவே போ" என்று கெஞ்சினேன்.

அவள் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எப்பிடிண்ணா போறது? சொகமாயிட்டாருன்னு போன வாரந்தானே நான் சாட்சி சொன்னேன்."