மொட்டைமாடியில் பெருக்கும் சத்தம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இதைச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. போன கோடையில், பட்டப்பகலில், நான் குடியிருந்த வீட்டில் நடந்தது இது. அதுவரை பேய், பிசாசு பற்றியெல்லாம் நான் யோசித்ததே கிடையாது. பயப்படவும் கொஞ்சம் ஓய்வு வேண்டுமே.

மருத்துவமனையில் துணி துவைக்கும் பிரிவில் எனக்கு வேலை. அன்று என்னை மாற்றிவிட வேண்டியவள் வரவில்லை. இரண்டு ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு மதியம் இரண்டரைக்குத்தான் திரும்பினேன். உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது. என் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர். ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல். எங்களுக்கு நேர் கீழே குடியிருக்கும் வீட்டு ஓனர் அக்கா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினேன். எங்களுடையது ஒற்றை அறை. தலைக்கு மேலே மொட்டைமாடி.

மூன்று பத்துக்கு வானம் கறுத்தது. காலையிலிருந்து கொளுத்திய வெயில் சுவிட்சைத் தட்டியது போலப் போய்விட்டது. மூன்றே காலுக்குப் பொத்துக்கொண்டு ஊற்ற ஆரம்பித்தது. கரண்ட் போனது. ஒவ்வோர் இடிக்கும் அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன.

மூன்றரைக்குக் கூரையிலிருந்து முதல் சொட்டு, கட்டிலின் மேலேயே விழுந்தது. அப்புறம் இன்னொன்று. கட்டிலை நகர்த்த இடமில்லை. மகளைச் சுவரோரமாகத் தள்ளிப் படுக்க வைத்து, நடுவில் வாளியை வைத்தேன்.

என்ன கோளாறு என்று தெரியும். மாடித் தண்ணீர் இறங்கும் ஓட்டையைச் சருகு அடைத்திருக்கும். யாராவது போய்ப் பெருக்கித் தள்ள வேண்டும். யாராவது என்றால் நான்தான். மாடிக் கதவை நான்தான் பூட்டி வைப்பேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். செருப்பு மாட்ட உட்கார்ந்தேன். அவ்வளவுதான்... எழுந்திருக்க முடியவில்லை. இதோ, இன்னும் ஒரு நிமிஷம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று நாற்பத்தொன்று. செல்போனில் மணி பார்த்தேன், அதனால் ஞாபகம் இருக்கிறது.

சர்ர்ர்... சர்ர்ர்... சர்ர்ர்...

மேலே யாரோ தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளினார்கள். நான் பூட்ட மறந்திருப்பேன், ஓனர் அக்காவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நன்றியில் அழுகையே வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சொட்டுவது குறைந்தது. நின்றும் போனது.

மகள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "மேல யாரும்மா?"

"அக்காடா. நீ தூங்கு."

அப்போதுதான் அந்த இடி விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. மிகப் பக்கத்தில். நான் மகளின் மேல் கவிழ்ந்துகொண்டேன். காது அடைத்துப் போனது.

காது திறந்தபோது...

சர்ர்ர்... சர்ர்ர்...

ஒரே சீராக.

அத்தனை பெரிய இடிக்கு யாராக இருந்தாலும் ஓடி வந்திருப்பார்கள். வெளியே வந்து பதினோரு படி ஏறினேன்.

மாடிக் கதவு பூட்டியிருந்தது.

என் பூட்டு. சாவி என் கையில்.

கதவுக்கு அந்தப் பக்கம்... சர்ர்ர்...

"அக்கா?" என்றேன்.

சத்தம் நின்றது.

ஈரக் கால்கள் நடந்து வந்தன.

கதவுக்கு மிக அருகில் ஒரு பெண் குரல். அக்கா இல்லை. வயது குறைந்த குரல். என்னைவிடக் களைத்த குரல்.

"நீ போய்ப் படு. இன்னும் கொஞ்சந்தான் இருக்கு."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தாழ்ப்பாளைப் போட்டு, மகளை அணைத்துப் படுத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தச் சத்தம் கேட்கக் கேட்க நான் தூங்கிப்போனேன். பயத்தைவிட அசதி பெரிதாக இருந்தது.

ஆறேகாலுக்கு விழித்தேன். மழை விட்டிருந்தது. மகளுக்கு வேர்த்து, காய்ச்சல் இறங்கியிருந்தது. பூட்டைத் திறந்து மாடியைப் பார்த்தேன். ஒரு பொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. சருகெல்லாம் ஒரு மூலையில் குவிந்திருந்தது. ஓட்டையை ஒட்டித் தரை கையகலத்துக்குக் கருகி வெடித்திருந்தது.

கீழே போய்ச் சொன்னேன். ஓனர் அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்தபடியே சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் என் அறையில் துணிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண் தனியாக இருந்தாளாம். இதே மாதிரி ஒரு கோடை மழை. கூரை ஒழுகுகிறது, யாரையாவது அனுப்புங்கள் என்று வந்து கேட்டிருக்கிறாள். நீயே போய்ப் பெருக்கிவிடு என்று இவர்தான் சொல்லி அனுப்பினாராம்.

"ராத்திரி எட்டு மணிக்குத்தான் மேல போனேன். இடி விழுந்து கெடந்தா. உயிர் போயி நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

அதுவரை ஏன் யாருமே போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"எதுக்குப் போகணும்?" என்றார் அக்கா. "ஏழே முக்கால் வரைக்கும் பெருக்குற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சே."