பதினாறு பக்கம் பாக்கி

புதுப் புத்தகம் எதுவாக இருந்தாலும் ஜெயசீலன் சார் அதைப் பின்னாலிருந்துதான் திறப்பார். பார்சலின் கயிற்றை அறுத்ததும் அட்டையைப் பார்க்க மாட்டார், விலையைப் பார்க்க மாட்டார். கடைசிப் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கிப் பதினாறு பதினாறாகப் பக்க எண்களை முணுமுணுத்துக்கொண்டே வருவார். ஏழு வருடமாக அதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் வந்த முழுக் கதையும் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் நானும் ஒருத்தி.

மடுகரை போகிற சாலையில் இருக்கும் எங்கள் ஊர்க் கிளை நூலகம் ஒரே ஒரு அறைதான். அதற்கு நூலகர், உதவியாளர், பெருக்குகிறவர் எல்லாமே அவர்தான். அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். புதுப் புத்தகம் வந்தால் அலமாரியில் ஏற்ற மாட்டார். மேசை மேல் பரப்பி வைத்து, உள்ளே வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

"படிக்கப் பிடிக்காத ஆளுன்னு ஒருத்தர் கூடக் கெடையாது. சரியான புக்கு கைக்குப் போவல, அவ்ளோதான்" என்பார். சும்மா சொல்லவில்லை. வயலில் தவளையைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தவளை பற்றிய படப் புத்தகத்தைக் கொடுத்தார். சேதராப்பட்டுக் கம்பெனிக்கு ஷிப்ட் போகும் அய்யனார் அண்ணனுக்குச் சிறுகதைகள். "பஸ்ல போவச்சொல ஒண்ணு, வரச்சொல ஒண்ணு. தூங்கிட்டா நான் பொறுப்பில்ல." மளிகைக்கடை இராமச்சந்திரன் செட்டியார் பேப்பரைத் தவிர எதையும் தொடாதவர். அவரிடம் மிளகு கப்பலேறிய வரலாற்றைத் தள்ளினார். இரண்டே நாளில் திரும்பி வந்த செட்டியார், "மஞ்சளப் பத்தி ஏதாவது இருக்குதா?" என்று கேட்டார்.

இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்களிடம் "எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்பார். அவர்கள் சொல்கிற பதிலை வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். எல்லாவற்றையும் அவரே படித்துவிட முடியாதில்லையா.

நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாவலை எடுத்துப் போனேன். பச்சை அட்டை. மாமியார் வீட்டிலிருந்து தையல் மெஷினோடு வெளியேறி, தனியாகக் கடை போடும் ஒரு பெண்ணின் கதை. அறுபது பக்கம் படித்தேன். பிறகு பரீட்சை வந்துவிட்டது. திருப்பிக் கொடுக்கும்போது "எப்படி?" என்றார்.

"சூப்பர் சார்" என்றேன்.

அந்தச் சொல்லை நம்பித்தான் அதைச் செங்கமலம் அக்காவுக்குக் கொடுத்தார்.

செங்கமலம் அக்கா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். அஞ்சாவதோடு படிப்பை விட்டவர். மழைக்கு ஒதுங்க உள்ளே வந்தவரைப் பார்த்து, "சும்மா நிக்காதக்கா, ஒண்ணு எடு" என்றார் சார்.

"எனக்கு இன்னா சார் படிக்க வரும்? எழுத்துக் கூட்டறதுக்குள்ள விடிஞ்சிடும்."

"விடியட்டுமே."

"சரி, பொம்பளை கதையாக் குடு. அழுவுறது வேணாம்."

நாலு மாதம் அந்த ஒரே புத்தகத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் படித்தார். களத்துமேட்டில் உட்கார்ந்து உதடு அசைய அவர் படிப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு நாள் மத்தியானம் நூலகத்துக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"சார், எனக்கு மூளை கெட்டுப் போச்சுன்னு நெனைக்கறேன். ரெண்டு நாளா படிச்சதையே திரும்பத் திரும்பப் படிக்கறேன். கதை முன்னால போவ மாட்டேங்குது."

சார் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். 256ஆம் பக்கத்துக்கு அடுத்து மறுபடியும் 241. அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரமாகத்தான் தைப்பார்கள். கடைசி ஃபாரத்துக்குப் பதிலாக அதற்கு முந்தையதையே இரண்டாவது தடவை வைத்துத் தைத்துவிட்டார்கள். தடிமன் சரியாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

"உன் மூளை நல்லாத்தான் இருக்குதுக்கா. புக்குக்குத்தான் மூளை இல்ல" என்றார். பிறகு புத்தகத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தார். அக்காவுக்கு முன்னால் எடுத்தது ஒரே ஆள். நான். மூலையில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

வில்லியனூர், பாகூர் என்று தெரிந்த நூலகர்களுக்கெல்லாம் போன் போட்டார். அங்கிருந்த பிரதிகளும் அதே கட்டிலிருந்து வந்தவை, அதே கோளாறு. பதிப்பகத்தின் எண் உபயோகத்தில் இல்லை. செங்கமலம் அக்காவோ வேறு புத்தகத்தைத் தொட மறுத்துவிட்டார். "மொதல்ல இத முடி. அவ கதி இன்னான்னு தெரியாம இன்னொருத்தி வூட்டுக்கு நான் எப்டி போவறது?"

அக்கா அப்படியே படிப்பை விட்டுவிடுவார் என்று சார் பயந்தார். அவர் பொய் சொன்னது அந்தப் பயத்தில்தான்.

"அந்தக் கதை எனக்குத் தெரியும்க்கா. புருஷன் வந்து மன்னிப்புக் கேக்கறான். அவ மெஷின வித்துட்டு அவனோட திரும்பிப் போயிடறா. சுபம்."

அக்கா அவரை உற்றுப் பார்த்தார். "மெஷின வித்துட்டா?"

"ஆமா."

"எரநூத்தி அம்பத்தாறு பக்கம் அவளோட இருந்திருக்கேன் சார். அவ பட்டினி கெடப்பா, மெஷின விக்க மாட்டா. நீ படிக்கல."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படிக்கலக்கா" என்றார்.

நான் அப்போது எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை, அந்த அறையில் அதைப் படித்த ஒரே ஆள் அக்காதான். கல்லூரிக்குப் போன பிறகும் எத்தனையோ புத்தகங்களுக்கு முன்னுரையை மட்டும் படித்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். எதையெல்லாம் முழுதாகப் படித்தேன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஆறு மாதம் அக்கா நூலகத்துப் பக்கமே வரவில்லை. அடுத்த பார்சல் வந்த அன்று, சார் கயிற்றை அறுக்காமல் அப்படியே ஸ்கூட்டரில் வைத்து, நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கே கொண்டுபோனார். எல்லோர் முன்னாலும் பிரித்தார். ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்னாலிருந்து பதினாறு பதினாறாக எண்ணிக் காட்டினார். "பாருக்கா, இதோ முற்றும்னு போட்டிருக்குது. நான் பாக்காம இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன்."

கூட இருந்த காசம்மாள், "பொண்ணு பாக்க வந்தவரு பல்லை எண்ற மாதிரி எண்றாரு பாரு" என்றதும் ஏரிக்கரையே சிரித்தது. செங்கமலம் அக்காவும் சிரித்துவிட்டார். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வாங்கிக்கறேன். ஆனா அந்தப் பதினாறு பக்கம் பாக்கி."

"பாக்கிதான்" என்றார் சார்.

அதன் பிறகு அக்கா முப்பதுக்கும் மேல் படித்துவிட்டார். இப்போது அவர் சொல்லித்தான் காசம்மாள் எடுக்கிறார். சார் "எப்படி?" என்று கேட்பதை விட்டுவிட்டார். "கடைசில இன்னா ஆச்சு?" என்றுதான் கேட்பார். பதில் சொல்லத் திணறினால் புத்தகத்தைத் திருப்பி நீட்டுவார். என்னிடம் மூன்று தடவை நீட்டியிருக்கிறார்.

போன ஜூனில் அவருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. கிளம்பும் நாளில் அக்கா வந்து வாசலை மறித்து நின்றார். "பாக்கி வெச்சிட்டுப் போறியே சார்."

"காரைக்கால்ல கட்டாயம் இருக்கும்க்கா. பாத்துட்டு அனுப்பறேன்."

போய்ச் சேர்ந்த மூன்றாவது நாள் என் வாட்ஸ்அப்புக்கு இரண்டு போட்டோ வந்தன. பச்சை அட்டைப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள். இரண்டின் கீழேயும் 241.

நடவு வயலுக்கே போய் அக்காவிடம் காட்டினேன். சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கிட்டே பிடித்து இரண்டு எண்களையும் படித்தார்.

"மாஹேன்னு ஒரு ஊரு நம்ம கவர்மெண்ட்ல இருக்குதாமே?"

"அங்க மலையாளம்க்கா."

"இருக்கட்டும், கேக்கச் சொல்லு" என்று குனிந்து நாற்றை எடுத்தார்.