நோர்மண்டியில் ஒரு நிலவறை

ஈஸ்ட் ஹாமில் ஒரு சிறிய டிராவல்ஸ் கடைக்கு நான் பல வருடம் டூர் கைடாக இருந்தேன். லண்டனுக்கு வருமுன் பாரிசில் வாழ்ந்ததால் பிரெஞ்சு தெரியும். வேறு தகுதி ஒன்றும் கிடையாது. கோச்சில் ஏறினால், கோச்சோடு கப்பலில் கடல் கடந்து பிரான்சின் கலே துறைமுகம், அங்கிருந்து நோர்மண்டி. ஒரு கோட்டை, ஒரு தேவாலயம், ஒரு மியூசியம், மறுநாள் திரும்புதல். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், "ஊர் சுத்திப் பாக்கலாம் என்ன, அக்கா?" என்று ஆசையோடு கேட்பார்கள். நான் அதிகம் பார்த்தது டொய்லெட் வரிசையைத்தான். படி ஏறி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். "எல்லாம் கல்லுத்தானே பிள்ளை, எப்ப சோறு?" என்று யாராவது ஒரு பயணி கேட்காத பயணம் இல்லை.

நிலவறை

அந்த முறை தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் யோகநாதன், மனைவி பவானி. அவர் முதலில் லண்டன் வந்து, அகதி வழக்கு முடிந்து, மிகவும் பிந்தித்தான் மனைவியைக் கூப்பிட்டவர். அந்த இடைவெளியில், போர் முடியும்வரை, பவானி வன்னியில் இருந்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. கோச்சில் அவர் எல்லாருக்கும் மிக்சர் நீட்டிக்கொண்டிருந்த சிரித்த முகப் பெண்.

திரும்பும் நாளில் போன மியூசியம் பழைய கல் மாளிகை ஒன்றில் இருந்தது. கீழே உலகப்போர்க் காலத்தில் சனம் ஒளிந்திருந்த நிலவறை. உள்ளே நீண்ட மர வாங்குகளில் எங்களை இருக்க வைத்துக் கதவைச் சாத்தினார்கள். விளக்கு அணைந்தது. ஒலிபெருக்கியில் முதலில் சைரன், பிறகு விமானம், பிறகு குண்டு. தரையே அதிர்ந்தது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" பவானியின் குரல். அடுத்து, "தங்கச்சி, தலையைக் குனியடி!" என்று அலறினார்.

மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தேன். எங்கள் கோச்சில் வந்த ஈழத்து ஆட்களில் பாதிப்பேர் தரையில் கிடந்தார்கள். ஒருவரும் யோசித்துப் படுக்கவில்லை. உடம்பு தானாகவே விழுந்திருக்கிறது. காலையிலிருந்து ஏசியின் குளிரைப் பற்றி முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கணக்காளரும் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார். பிரெஞ்சுக் குடும்பம் ஒன்று வாங்கில் இருந்தபடியே எங்களைப் பார்த்தது.

நிறுத்தச் சொல்லி வாசலில் நின்ற பணிப்பெண்ணிடம் கத்தினேன். "ஏலாது, அது ஓடி முடியவேணும்" என்ற பொருளில் ஏதோ சொன்னாள். நான் அவசரக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தேன். அலாரம் அடித்தது. அந்தச் சத்தமும் சேர்ந்துகொண்டது. பவானியைக் கட்டிப்பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அவர் கை நகம் என் முழங்கையில் பதிந்திருந்தது.

தோட்டத்துச் சுவரோரம் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். பணிப்பெண்ணும் ஓடி வந்து அம்புலன்ஸ் கூப்பிடவா என்று கேட்டாள். அவள் முகம் வெளிறியிருந்தது. பவானி வேண்டாம் என்று தலையாட்டினார்.

யோகநாதன் முன்னால் நின்றார். எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"உம்மடை தங்கச்சி ஷெல்லடியிலை செத்தது எண்டுதான் எனக்குத் தெரியும்," என்றார். "நீரும் அந்தப் பங்கர்க் குழிக்குள்ளை இருந்தனீரோ?"

"என்ரை மடியிலைதான் போனவள்."

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லை."

யோகநாதன் ஈரப் புல்லில் அப்படியே இருந்துவிட்டார். நான் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அப்பால் போனேன்.

கப்பல்

அடுத்து கோட்டை. ஒருவரும் வரவில்லை. கோச்சுக்குள் போய் இருந்தார்கள். புறப்படும் நேரம் வந்தபோது அந்த இருவரும் இன்னும் சுவரோரம்தான். பவானி பேசிக்கொண்டிருந்தார். யோகநாதன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கூப்பிட வேண்டியது என் வேலை. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

"கப்பலை விட்டிடுவம் போல," என்று கணக்காளரிடம் சொன்னேன்.

"விட்டால் விட்டதுதான் பிள்ளை. அடுத்த கப்பல் இருக்குத்தானே."

விட்டுவிட்டோம். துறைமுகத்தில் வெகுநேரம் காத்துக் கிடந்தோம். வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் கோச்சில் அன்று ஒரு சத்தமும் இல்லை.

கடையில் முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஆரைக் கேட்டு நிண்டனீங்கள்? ஆரும் ஒராள் அழுதால் கோச்சை நிப்பாட்டுறதோ?" களைப்பாக இருந்தது. அந்த மியூசியத்தை மட்டும் அட்டவணையிலிருந்து எடுக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிய விஷயம். எந்தக் கட்டடமானாலும் முதலில் நீங்கள் தனியே உள்ளே போங்கள். விளக்கு அணையுமா, சத்தம் வருமா, கதவு எந்தப் பக்கம் என்று பாருங்கள். கோட்டை கட்டிய அரசனின் பெயர் மறந்தால் பாதகமில்லை. கோச்சில் வருகிறவர்கள் எதைக் கடந்து வந்தவர்கள் என்று யோசிக்காமல் கதவைச் சாத்த விடாதீர்கள்.

சில மாதம் கழித்து அந்த இருவரும் கடைக்கு வந்தார்கள். நான் எழுந்து நின்றேன். பவானிதான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அக்கா, சத்தம் இல்லாத மியூசியமா ஒண்டு சொல்லுங்கோ. இவரும் வாறாராம்."

லேஸ் பின்னல் வேலைகளை வைத்திருக்கும் ஒரு பழைய வீடு எனக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டிகளும் மரத்தரையும் மட்டுமே உள்ள இடம். இருவர் பெயரையும் அதற்குப் பதிந்தேன்.